இடது கை ரத்தம்

“அந்தக் கை வேண்டாம்மா. குத்திக் குத்திச் சல்லடையா போச்சு. இந்தக் கையில எடு.”

மனைவியின் கட்டிலருகே நின்றிருந்த தையல்காரர் இப்படிச் சொன்னதும் மாணவி ஊசியை அப்படியே நிறுத்தினாள். வலது கையில் ஒருமுறை குத்திப் பார்த்து நரம்பு சிக்காமல் ஏற்கெனவே அவளுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடப்பது யாரோ ஒரு நோயாளியாக இருந்தால் பரவாயில்லை. மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு ரத்தப் பரிசோதனைப் பாடம் எடுக்கும் பேராசிரியை. ஊசியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அந்த அம்மாள்தான். வாத்தியாருக்கே ஊசி குத்துவதென்றால் யாருக்குத்தான் பதறாது?

“இடது கையில ட்ரிப்ஸ் ஓடுது சார்.”

“ஓடட்டுமே. எந்தக் கையா இருந்தா என்ன, ரத்தம் ரத்தம்தானே? முழங்கைகிட்ட எடுத்துக்கோ. நான் பிடிச்சுக்கறேன்.”

மாணவி பேராசிரியையின் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. இமைக்குள் விழிகள் மட்டும் எதையோ படித்துக்கொண்டு போவதுபோல நகர்ந்தன.

“சரி சார்” என்றாள்.

கல்லூரியில் அவளுக்கு ‘சரி மேடம்’ என்றே பட்டப்பெயர். வைத்தது பேராசிரியை. “நாளைக்கு எவனாவது உன்னைக் கிணத்துல குதின்னா அதுக்கும் சரிம்பியாடி?” என்று வகுப்பில் கேட்டபோதும் “சரி மேடம்” என்று எழுந்து நின்றவள்.

இடது கையில் ரத்தம் சட்டென்று வந்தது. நூல் நிறத்தில் இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர், குழாயில் ஏறிய சிவப்பு சற்று வெளிறியிருந்ததைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்து என்ன பயன்? மனைவி முகம் சுளிக்கவில்லை, அது போதும் அவருக்கு.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆனதும் அந்த அம்மாள் ஒரு நிபந்தனையோடுதான் வீடு திரும்பினாள். தினமும் காலையில் ஒரு மாணவரோ மாணவியோ வந்து ரத்தம் எடுக்க வேண்டும். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அவர்களே பரிசோதித்துப் போனில் சொல்ல வேண்டும். “எனக்குப் பிரயோஜனம் இல்லைன்னா என்ன, அதுங்க கத்துக்கும்ல?” கணவர் மன்றாடிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்து பார்த்தார். “ஊசி எனக்குக் குத்துது, நீங்க எதுக்குக் கத்தறீங்க?” என்று வாயை அடைத்துவிட்டாள். வாயில் அவளை ஜெயித்தவர் அந்தக் கல்லூரியிலேயே கிடையாது. வீட்டில் எங்கே இருக்கப்போகிறார்?

நோய் ரத்தத்தில். வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. அந்த நோயை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் அவள். தனக்கு வந்ததையும் தானே நுண்ணோக்கியில் கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “ரொம்ப அழகான ஸ்லைடுங்க. பசங்களுக்குக் காட்ட எடுத்து வெச்சிருக்கேன்.” அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

அவருக்குத் தொழில் மருத்துவ மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பது. மாணவியாக இருந்தபோது, கோட்டின் கை நீளமாகப் போய்ச் சாயக் கிண்ணத்தில் தோய்ந்துவிட்டதென்று சண்டை போட வந்தவள்தான் அவள். சண்டை முடியாமலே கல்யாணம் ஆகிவிட்டது. மறுநாள் எடுக்கவேண்டிய பாடத்தைச் சமையலறையில் பாத்திரங்களைப் பார்த்து அவள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். அடுத்த அறையில் இவர் தைத்துக்கொண்டிருப்பார். மிஷின் சத்தத்துக்கு நடுவே பாடமெல்லாம் அவர் காதில் விழுந்தது. மண்டையில் ஏறியதா என்பது வேறு விஷயம்.

முந்தின நாள் வந்த டாக்டர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, “பொண்ணை வரச் சொல்லிடுங்க” என்று சொல்லியிருந்தார். மகள் தொலைவில் வேறொரு ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. காலை வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டைப் பூட்டுவதற்குள் இங்கே அவருக்குச் ‘சரி மேடம்’ போன் செய்துவிட்டாள்.

“சார்! மேடத்துக்கு வெள்ளணு குறைஞ்சிருக்கு சார்! நேத்து இருந்ததுல பாதிகூட இல்ல. நம்பாம மறுபடியும் மிஷின்ல ஓட்டிப் பாத்தேன். அதேதான் வருது!”

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “மத்ததெல்லாம்?” என்று ஒப்புக்குக் கேட்டார்.

“மத்ததும் அதே மாதிரி பாதியாத்தான் இருக்கு. சர்க்கரை மட்டும் கொஞ்சம், இல்ல, ரொம்பவே ஏறியிருக்கு சார். ஆனா வெள்ளணு குறைஞ்சதுதானே சார் முக்கியம்?”

“பின்ன? சர்க்கரை யாருக்குத்தான்மா இல்ல! வயித்துல பால வாத்தே தாயி, நல்லா இருப்பே!”

கீழ் வீட்டிலிருந்து மனைவியின் தங்கை சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கையில் துடைப்பம். “என்ன மாமா, என்ன ஆச்சு?”

“குறைஞ்சிருச்சாம்! பாதிக்குப் பாதி!”

“ஐயோ, நிஜமாவா? எதுக்கும் அந்த டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவருக்கு என்ன தெரியும்? நேத்து கையை விரிச்சுட்டுப் போனவரே அவர்தானே!”

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நம்ப வைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை.

அவர் மகளைக் கூப்பிட்டார். “பாப்பா, பையை இறக்கி வை.”

“என்னப்பா? அம்மாவுக்கு...”

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. தேறிட்டா. மிஷினே சொல்லுது.”

மறுமுனையில் பெரிதாக ஒரு மூச்சு. பிறகு சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல ஒரு சத்தம். “அப்போ பரீட்சைப் பேப்பரெல்லாம் திருத்திக் குடுத்துட்டு, அடுத்த வாரம் வந்து நிம்மதியா இருக்கட்டுமாப்பா?”

“வா கண்ணு. அவசரமே இல்ல.”

காலை வண்டி அவள் இல்லாமல் போயிற்று.

அதன்பிறகு வீட்டுக்கு ஒரு விசேஷமான அமைதி வந்தது. அவர் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். வெயில் படுக்கையின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. புதிதாகத் தைத்துத் துவைத்த வெள்ளைக் கோட்டுகள் வெளியே பால்கனிக் கொடியில் வரிசையாகத் தொங்கின. காற்று வரும்போதெல்லாம் அவற்றின் கைகள் கொஞ்சம் உயர்ந்தன, தாழ்ந்தன. பாட்டிலிலிருந்து சொட்டு விழுந்துகொண்டேயிருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தபடி இருந்தார். இப்படி வேலைவெட்டி இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“பின் வரிசை, பேசாதீங்க” என்றாள் அவள் திடீரென்று.

கண் திறந்திருந்தது. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஓரத்துல இருக்கறவன் தூங்கறான் பாரு. எழுப்பி விடு.”

ஓரத்திலிருந்த கோட்டு தலை கவிழ்ந்தாற்போல ஒரே கிளிப்பில் தொங்கியது. அவர் சத்தமில்லாமல் எழுந்து போய் இன்னொரு கிளிப்பை மாட்டிவிட்டு வந்தார். அவளுக்குத் திருப்தி.

“ரத்தம் பொய் சொல்லாது. நாமதான் அதைப் பொய் சொல்ல வைப்போம். மிஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பாதித் தப்பு நடந்து முடிஞ்சிருக்கும். ரிப்போர்ட் மோசமா வந்தா ஒரு தடவை பாருங்க. நல்லா வந்தா ரெண்டு தடவை பாருங்க.”

“ஏன் மேடம்?” என்றார் அவர், கோட்டுகளின் சார்பில்.

“ஏன்னா நல்லா இருக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கு. ஆசை இருக்கற இடத்துல கண்ணு அவிஞ்சு போகும்.” ஏதோ எழுதுவதுபோல வலது கை விரல்கள் போர்வையின் மேல் அசைந்தன. “யாரு கேட்டது?”

“பின் வரிசை.”

அவள் மெல்லச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வகுப்பிலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். பார்வை கொடியிலிருந்து இறங்கி அவர் முகத்தில் நின்றது. “என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு?”

அவர் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. அவள் கேட்டுக்கொண்டாள்.

“வெள்ளணு பாதி. ம். ஹீமோகுளோபின்?”

“அதுவும் பாதி.”

“தட்டணு?”

“எல்லாமே பாதிதானாம். சர்க்கரை மட்டும் எக்கச்சக்கமா இருக்குதாம். அது கிடக்குது விடு.”

அவள் தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் இடது முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பார்வை வந்து போயிற்று. தப்பான விடையை அழகான கையெழுத்தில் முழுப் பக்கமும் எழுதியிருப்பவனின் தாளைத் திருத்தும்போது வருகிற பார்வை அது. அவர் அதைப் பல முறை பார்த்திருக்கிறார்.

“பாப்பா எந்த வண்டில வரா?”

“இப்ப வர வேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரட்டும், நிதானமா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதில் அது தெரிந்தது. அவள் அப்படியே விட்டிருக்கலாம். மனிதர் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தலை சீவியிருந்தார். மச்சினி கீழே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருக்கிற கொஞ்ச நேரமும் சந்தோஷமாகக் கழிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் தொலைவில் ஒருத்தி பையை இறக்கி வைத்துவிட்டுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கீங்க இன்னிக்கு” என்றாள் கண்ணைத் திறந்து. “ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லுங்க.”

“என்னையா?”

“என் கிளாஸ் அத்தனையும் கேட்ட ஒரே ஆள் நீங்கதான். கவனமா கேளுங்க. ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கறாங்க. நேத்து இருந்ததுல எல்லாமே பாதியாயிடுச்சு. நல்லதும் பாதி, கெட்டதும் பாதி. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கு. ஒரே ராத்திரில எந்த மருந்து அப்படிப் பண்ணும்?”

“நான் கோட்டு தைக்கறவன் டாக்டரம்மா.”

“யோசிங்க.”

அவர் யோசித்தார். யோசிக்கிறபோது கண் எங்கேயாவது நிற்க வேண்டுமல்லவா, அது சொட்டு விழுகிற இடத்தில் நின்றது. ஒரு சொட்டு. இன்னொன்று. பாட்டிலில் இருந்தது சர்க்கரைத் தண்ணீர். அவர்தான் வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டவர். அங்கிருந்து மெல்லிய குழாய் இறங்கியது. இறங்கி அவளுடைய இடது கைக்குள் போயிற்று. அதற்குச் சற்று மேலே பஞ்சு.

மிஷின் சத்தத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சமையலறைப் பாத்திரங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு பாடம் அவருக்குக் கேட்டது. எந்த வருஷமோ, என்ன கிழமையோ. அவள் குரல் இளமையாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

“தண்ணி கலந்துடுச்சு” என்றார்.

“எப்படி?”

“ட்ரிப்ஸ் ஓடற கையில எடுத்தா... ரத்தத்தோட அதுவும் சேந்து வந்துடும்.”

“எடுக்கச் சொன்னது யாரு? அவளுக்கா தோணாதே.”

“நான்தான்.”

“பாஸ்” என்றாள் அவள்.

அவர் உடைந்துபோனார். கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். “உன் வலது கையப் பாக்க முடியலம்மா. நீலமா போயிருக்கு. பாக்கவே முடியல.”

“தெரியும். அழுங்க. அழுது முடிச்சுட்டு பாப்பாவுக்குப் போன் போடுங்க.”

அவர் போட்டார். அவளே போனை வாங்கிக்கொண்டாள். “வாடி பாப்பா. இன்னிக்கே வா... இல்லடி, ரிப்போர்ட் தப்பு... அப்பா மேல கோவப்படாத. பரீட்சைல ஒரு தப்புப் பண்ணிட்டாரு, நான் திருத்திட்டேன்... ஓடாத, விழுந்து வெப்ப. மெதுவா வா.” போனைக் கொடுத்துவிட்டு, “சாயங்கால வண்டியைப் பிடிச்சுடுவா” என்றாள். அடுத்து ‘சரி மேடத்தை’ வரச் சொன்னாள்.

அந்தப் பெண் வரும்போதே மூக்கு சிவந்திருந்தது. போனில் விஷயத்தைக் கேட்டதிலிருந்து ஆட்டோவில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். “என் தப்புதான் மேடம். எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சும்...”

“அழாதடி, கண்ணு மறைக்கும். வீட்டுக்காரங்க பாசத்துல ஆயிரம் சொல்லுவாங்க. அது அவங்க வேலை. முடியாதுன்னு சொல்றது உன் வேலை. எங்க, இவரைப் பாத்துச் சொல்லு. மாட்டேன்.”

“சரி மேடம்.”

“சரி இல்லடி! மாட்டேன்.”

“மா... மாட்டேன் சார்” என்றாள் அவள் தையல்காரரைப் பார்த்து. மச்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கண்ணில் தண்ணீரோடு எல்லோருமாகச் சிரித்தார்கள்.

“இப்ப வலது கையில எடு.”

“மறுபடியுமா?” என்றார் அவர். “வேணாம்மா. தப்புன்னு தெரிஞ்சு போச்சு, பாப்பா வரா. இனிமே அந்தக் கணக்கு யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணும். என் பேர்ல கடைசியா இருக்கப்போறது ஒரு தப்பு ரிப்போர்ட்டா? அதை இத்தனை பசங்களும் பாக்கணுமா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஒரு துண்டின் மேல் ஓட்டி, தன் கன்னத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டு, அந்த நீலக் கையைச் சுற்றி மெதுவாகப் பொதிந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நரம்பு மேலெழுந்து வந்தது. ‘சரி மேடம்’ மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். இந்தமுறை முதல் குத்திலேயே நரம்பு சிக்கியது. குழாயில் ஏறிய ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் கடைசிவரை பார்த்தார்.

அந்தப் பெண் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனபிறகு மத்தியானம் நீண்டுகொண்டே போயிற்று. வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரில் ஏறியது. மச்சினி தரையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். அவர் மனைவியின் வலது கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். அந்த நோயில் ரத்தம் லேசில் நிற்காது. அவள் மறுபடியும் வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள். முதலில் சத்தமாக, பிறகு முணுமுணுப்பாக, பிறகு உதடு மட்டும். கோட்டுகள் காற்றில் ஒரே நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பின. இந்த வகுப்பு முடியாமல் இப்படியே நடந்துகொண்டிருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

போன் அடித்தது. ‘சரி மேடம்’. அவள் சொன்னதை அவர் ஒரு எண் விடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியின் காதருகே குனிந்தார். “கூடியிருக்கு. நேத்தைவிட ரொம்பக் கூடியிருக்கு. சர்க்கரை ஒண்ணும் இல்ல, சாதாரணமா இருக்கு.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. எங்கேயோ இருந்துகொண்டு கேட்டாள்.

“சரியா எடுத்திருக்கா” என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். அதன்பிறகு மூச்சுகளுக்கு இடையில் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. அடுத்த மூச்சுக்காக அவரும் தன் மூச்சை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருமுறை காத்திருந்து, காத்திருந்து, அவர்தான் முதலில் மூச்சு விட வேண்டியதாயிற்று. பஞ்சை அழுத்திய விரலை அப்போதும் அவர் எடுக்கவில்லை. மச்சினி விழித்துப் பார்த்துவிட்டு, “அக்கா” என்றாள். பிறகு அலறினாள்.

மறுபடியும் போன் அடித்தபோது அறையில் வெயில் இல்லை.

“அப்பா, ஏறிட்டேன். ஜன்னல் சீட்டே கிடைச்சுது. அம்மா என்னப்பா பண்றா?”

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினாள். “தூங்கறான்னு சொல்லுங்க மாமா” என்று கிசுகிசுத்தாள். “தனியா வர்ற புள்ள. வந்து பாத்துக்கட்டும்.”

நியாயம்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கும் ‘தூ’ என்கிற எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“பாப்பா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“ஒரு அம்மா இருக்காங்க. ஏம்பா?”

“தண்ணி வெச்சிருக்கியா?”

“அப்பா.”

“அம்மா போயிட்டா கண்ணு. இப்பதான், கொஞ்ச நேரம் முன்னாடி. காலையில நான் நிறுத்தாம இருந்திருந்தா நீ பாத்திருப்ப.”

மறுமுனையில் யாரோ ஒரு பெண்மணி “என்னம்மா, என்ன?” என்று கேட்பது மட்டும் தூரத்தில் கேட்டது. அவர் காத்திருந்தார். அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. கடைசியில் சத்தத்தைக் கூட்டி, போனைத் தலையணையில் மனைவியின் காதருகே வைத்தார். ரயில் ஓடுகிற சத்தம் அறைக்குள் வந்தது. ஏதோ ஒரு பாலத்தின் மேல் ஏறித் தடதடத்து, இறங்கி, மறுபடியும் சமதரையில் ஓடிக்கொண்டிருந்தது.